மூவிரல் மீன்கொத்தி இல்லை

குற்றாலத்து மலை செத்துக்கொண்டிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்து மூன்று சாரல் காலம் ஆகிவிட்டது. முதலில் வெள்ளைக்கண்ணிக் குருவி இல்லை என்றார். பிறகு தேன்சிட்டு இல்லை, பூங்கொத்தி இல்லை, சில்வண்டுகூட இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒவ்வொன்றையும் இழவுச் செய்தி மாதிரி சொல்லுவார். நானும் ரவிக்கை தைத்துக்கொண்டே "ஐயோ பாவம்" என்பேன். உள்ளதைச் சொன்னால் எனக்குப் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குருவிகள்தான் எனக்குச் சக்களத்திகள்.

அவர் பெயர் மந்திரமூர்த்தி. தென்காசியில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வங்கி வேலை வயிற்றுப்பாட்டுக்கு. மற்ற நேரமெல்லாம் பறவைக் குரல்களைப் பதிவு செய்துகொண்டு திரிவார். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்கிற மாதிரி, ஆளைக் காணவில்லை என்றால் இலத்தூர் குளக்கரையில் தேடலாம். அங்கேயும் இல்லையென்றால் ஐந்தருவிக்கு மேலே. கேசட் காலத்தில் ஆரம்பித்த பைத்தியம் இது. எனக்குச் சீராக வந்த வடைச்சட்டியின் நடுவில் ஓட்டை போட்டு, அதில் மைக்கைச் சொருகி, தூரத்துக் குரலை அந்தக் குழிவில் பிடிக்கலாம் என்று கண்டுபிடித்தார். அன்றைக்கு நான் அழுத அழுகையும் ஏதோ ஒரு கேசட்டில் இருக்கும்.

ஒவ்வொரு பதிவின் முடிவிலும் அவரே பேசுவார். மாதம், இடம், வானிலை, என்ன பறவை என்று கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி குரலை இறக்கிச் சொல்லுவார். முன்பெல்லாம் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார். தையல் மெஷினை நிறுத்தச் சொல்லிச் சத்தம் போடுவார். வேண்டாம் வேண்டாம் என்றே எனக்கும் பாதிக் குரல்கள் மனப்பாடம் ஆகிவிட்டன. அப்புறம் எங்கள் மகள் நிவேதா பெங்களூரிலிருந்து ஒரு ஹெட்போன் வாங்கிவந்து கொடுத்தாள். அன்றோடு எனக்கு விடுதலை. அதன்பிறகு அவர் காதுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது.

மூவிரல் மீன்கொத்தி என்று ஒரு குருவி. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் சின்னது. மஞ்சளும் ஊதாவும் ஆரஞ்சுமாக, தையல்காரி வீட்டில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்துத் தைத்த மாதிரி இருக்கும். சாரல் பிடித்ததும் ஓடைக்கரை மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். குரல் மகா மெல்லிசு. கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கும்போது கடைசியில் ஒரு கீச் வருமே, அதுதான். ஐந்தருவிக்கு அப்பால் ஒரு மங்குஸ்தான் தோட்டத்துக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் இவர் அதைப் பதிவு செய்தார். அதற்குப் பிறகுதான் மந்திரமூர்த்தி என்கிற வங்கி ஊழியர் மந்திரம் அண்ணாச்சி ஆனார். பறவை பார்க்கிற கூட்டம் ஒன்று அவர் பின்னால் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எல்லாரும் சேர்ந்து நடப்பார்கள். அண்ணாச்சி இருக்கு என்றால் இருக்கிறது. இல்லை என்றால் இல்லை.

அந்த மீன்கொத்தியும் இல்லை என்று ஆனபோதுதான் மனுஷர் ஆடிப்போய்விட்டார். சாப்பாடு குறைந்தது. "தடிச்ச குரல் மட்டுந்தான் மிச்சம் இருக்கு, உலகு. செம்போத்து, மயிலு, குக்குறுவான். மெல்லிசு பூரா போச்சு" என்பார். உலகு என்று அவர் கூப்பிடுவது என்னைத்தான். அருவியில் எண்ணெயையும் ஷாம்பையும் கரைக்கிறவர்களைத் திட்டுவார், புதிது புதிதாக முளைக்கிற விடுதிகளைத் திட்டுவார். திட்டி முடித்தபின் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

இந்த ஆனி மாதம் வீட்டுக்குள் ஒரு குருவி வந்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். "ஏட்டி, பீரோவுக்குப் பின்னால என்னமோ கத்துது, கேட்டியா?"

"எலியா இருக்கும்."

"எலி இல்லட்டி. குருவி. ஊசி மாதிரி இழுத்து இழுத்துக் கத்துது. இப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை."

பீரோவை நகர்த்தினோம். பரணில் ஏறிப் பார்த்தோம். காலண்டருக்குப் பின்னால், மின்விசிறிக் கிண்ணத்துக்குள், அரிசி டிரம்முக்கு அடியில். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவரோ விரலைத் தூக்கி "இந்தா, இந்தா" என்று காட்டிக்கொண்டே இருந்தார். காட்டிய இடத்தில் வெறும் சுவர் இருந்தது. பொய் சொல்கிற முகமாகவும் இல்லை. பட்டப்பகலில் நான் போய் விளக்கைப் போட்டேன்.

மைக்கை வைத்துப் பதிவு செய்து பார்த்தார். "மெஷின்ல விழமாட்டேங்குது" என்றார். பிறகு அந்தக் குருவி அவர் போகிற இடமெல்லாம் போனது. பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் விட்டுவிடும், ரேஷன் கடையில் கூட்டம் குறைந்ததும் வந்துவிடும். கீழப்புலியூரில் எங்கள் தெரு முழுக்க விஷயம் கசிந்தது. பக்கத்து வீட்டு முத்துசெல்வி மெதுவாக வந்து, "அத்தை, மாமா ஓடைப்பக்கம் எங்கயும் பயந்துட்டாவளோ? திருநீறு போட்டுப் பாருங்க" என்றாள். போட்டேன். நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மலையில செத்த குருவியெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து வந்திருக்கு போல" என்று ஒருநாள் சொன்னார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

ஆடிக் கடைசி ஞாயிறு தென்காசியில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் கூட்டம் போட ஏற்பாடு செய்தார்கள். 'குற்றால மலையின் மௌனம்' என்று நோட்டீஸ் அடித்தாயிற்று. மூன்று சாரலாக அந்த ஓடையில் எடுத்த பதிவுகளை ஸ்பீக்கரில் போடப் போகிறார். "பேச்சே வேண்டாம். இந்த வெறுமையைக் கேட்டாப் போதும், ஊரே அழுதுரும்" என்றார். பத்திரிகைக்காரர்களும் வருவதாக இருந்தது.

ஒத்திகை பார்க்க வாடகை ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்தது. "உலகு, மெஷினை நிறுத்திட்டு வந்து கேளு" என்று கூப்பிட்டார். நான் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தேன்.

ஓடைச் சத்தம். சாரல் இலைமேல் விழுகிற சத்தம். தூரத்தில் ஒரு செம்போத்து. அப்புறம் ரொம்பக் கிட்டத்தில், சாணைக்கல்லின் அந்தக் கீச். மறுபடி ஒரு கீச், கொஞ்சம் தள்ளி. இரண்டு குருவிகள் ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்லிக்கொண்டிருந்தன. எத்தனையோ வருஷம் கழித்து அந்தக் குரலைக் கேட்டதில் எனக்கே சந்தோஷமாகிவிட்டது. "அட, உங்க ஆளு!" என்று சொல்ல வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தேன்.

கண்ணை மூடியிருந்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் அவருடைய குரல் வந்தது: "ஆனி. மேல ஓடை. சாரல். மூவிரல் மீன்கொத்தி இல்லை." அந்த 'இல்லை'யின் மேலேயே குருவி இன்னொரு தடவை கத்தியது.

"கேட்டியா உலகு? ஒண்ணுமே இல்லை" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மாசி மாதம் அவர் காய்ச்சலில் கிடந்தபோது அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் கீ கீ என்று கத்தியும், "இன்னும் அடிக்கலையே" என்று இடுக்கிக்கொண்டே இருந்தார். கெட்டுப்போனது என்று கடையில் கொடுத்து மாற்றினார். மாற்றி வாங்கியதையும் கெட்டது என்றார். நான் கூப்பிட்டால் திரும்பாதது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் உள்ள வியாதி என்று நானும் விட்டுவிட்டேன். மலை அப்படியேதான் இருந்திருக்கிறது. இவர் காதுதான் மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்கிறது. நான் எழுந்துபோய் மெஷினை ஓட்டினேன். என்ன தைத்தேன் என்று தெரியாது, பிறகு முழுக்கப் பிரித்தேன்.

தெர்மாமீட்டரை மாற்றிக் கொடுத்தது ஸ்டான்லியின் மெடிக்கல் கடை. ஞாயிறு தவறாமல் அவரோடு மலைக்கு நடக்கிறவன் இந்த ஸ்டான்லி. நாற்பது வயதாகியும் அண்ணாச்சி முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பான். மறுநாள் கடை திறந்ததுமே போய் நின்றேன்.

"ஸ்டான்லி, அந்த ஓடையில மீன்கொத்தி இருக்கா இல்லையா?"

மருந்துப் பெட்டிகளை அடுக்குவதை அவன் நிறுத்தவில்லை. "அண்ணாச்சி இல்லைன்னுல்லா சொல்லுதாவ, மதினி."

"அண்ணாச்சி கிடக்காவ. உன் காதுக்குக் கேட்டுதா?"

கையில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "கேக்கும்" என்றான்.

"போன வருஷம்?"

"எப்பவும் கேக்கும். முதல்ல நாந்தான் தப்பாக் கேக்கேன்னு நெனச்சேன். அவியளுக்குத் தெரியாததா? பொறவு பார்த்தா எல்லாருக்கும் கேக்குது. யாரு போய்ச் சொல்ல, மதினி? அவியகிட்டக் கத்துக்கிட்டவங்க நாங்க. அவிய இல்லைம்பாவ, நாங்களும் இல்லைன்னு எழுதிட்டு எறங்கி வந்துருவோம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடி மேஜையை உடைத்திருப்பேன். "மரியாதை மரியாதைன்னு ஒரு குருவியை உயிரோட புதைச்சிட்டீங்களே லே! அந்த மனுஷனையுங்கூடல்லா சேத்துப் புதைச்சிருக்கீங்க" என்று கத்தினேன். மாத்திரை வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டான்லி அழுதுவிட்டான். அழுதுகொண்டேதான் விளக்கினான். வயதானால் காது கீச்சென்று உச்சத்தில் வருகிற மெல்லிய சத்தத்தைத்தான் முதலில் கைவிடுமாம். சத்தம் நின்றுபோன இடத்தில் மூளை தானே ஒரு சத்தத்தைப் போட்டுக்கொள்ளுமாம். அண்ணாச்சிக்கு வீட்டில் கேட்கிற குருவி அதுதான் என்றான்.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அரங்கில் அந்தப் பதிவைப் போட்டால் அத்தனை பேருக்கும் குருவி கேட்கும். ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். வெளியே போய் டீக்கடையில் நின்று சிரிப்பார்கள். இவர் மட்டும் மேடையில் கண்ணீரோடு நிற்பார். அதற்கு முன்னால் நான் சொல்லியாக வேண்டும். குருவிகள் உயிரோடு இருக்கின்றன என்பது நல்ல செய்திதானே? அந்த நல்ல செய்தியை எடுத்துக்கொண்டு வீட்டுப் படி ஏற எனக்குக் கால் வரவில்லை.

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. "குருவி இருக்கு. உங்க காதுதான் போச்சு" என்று சொல்லிவிட்டேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "என்னைத் தேத்துதியாட்டி? நான் கஷ்டப்படுதேன்னு பொய்யெல்லாம் சொல்லுதே" என்று என் தலையைத் தடவினார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற ஆளிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை. "நாளைக்கு என்னைய ஓடைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அத்தனை வருஷத்தில் நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதிலேயே அவர் கொஞ்சம் மிரண்டார்.

ஆட்டோவை ஐந்தருவியில் விட்டுவிட்டு மங்குஸ்தான் தோட்டத்துக்குள் நடந்தோம். சாரல் பூந்தூறலாக விழுந்துகொண்டிருந்தது. ஓடைக்கரைப் பாறையில் ஒரே குடைக்குள் உட்கார்ந்தோம். மரமெல்லாம் சத்தமாக இருந்தது. எனக்குப் பேர் தெரிந்ததும் தெரியாததுமாக எத்தனையோ குருவிகள் மேலே கத்திக்கொண்டிருந்தன. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பாத்தியா, மயானம். காதுக்குள்ள இருக்கிற அந்தச் சனியன் மட்டும் கத்துது" என்றார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷர் மயானம் என்கிறார். எனக்குப் பயமாக இருந்தது. அவர் பக்கத்தில் இருந்தும் அங்கே இல்லாத மாதிரி இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கீச் வந்தது.

"இடது பக்கம்" என்றேன். திரும்பினார். "ஒண்ணும் காணோமே."

"கிட்ட வருது. அந்த வேர் பக்கம் பாருங்க."

தண்ணீருக்கு மேலே ஒரு நிறம் வந்து வேரில் உட்கார்ந்தது. அவர் விரல்கள் என் கையை நெரித்தன. இத்தனை நாளும் அவர் அதைப் பார்க்காததில் அதிசயம் இல்லை. குரல் வந்த திசையில்தான் அவர் கண்ணைத் திருப்புவார். குரல் இல்லாத குருவி அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாலும் இல்லாததுதான்.

மீன்கொத்தி தலையை மேலும் கீழும் ஆட்டியது. சிவந்த அலகைத் திறந்தது. எனக்குக் காதைத் துளைத்தது. அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அலகு திறந்தது, மூடியது.

"கத்துதா?"

"கத்துது."

"இப்போ?"

"இப்போ இல்லை. இந்தா, இப்போ."

பஸ் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வழியனுப்புகிறவர் வாயைப் பார்க்கிற மாதிரி அந்த அலகையே பார்த்தார். குருவி பறந்தபிறகும் வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "செத்துப்போச்சுன்னு நெனச்சிருந்தப்பகூட அது இவ்வளவு தூரத்துல இல்லையே, உலகு."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

திருநெல்வேலியில் காது டாக்டரைப் பார்த்தோம். காதில் மெஷின் வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும், அவ்வளவு மெல்லிய சத்தத்துக்கு உத்தரவாதம் தரமுடியாது என்றார். உள்ளே கத்துவதை நிறுத்த மருந்து இல்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். திரும்பி வரும்போது கூட்டத்தை நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன்.

"இல்லாததை இல்லைன்னு சொன்னாத் தப்பில்லை. இருக்கிறதை இல்லைன்னு மூணு வருஷமாச் சொல்லிட்டேன். நானேதான் திருத்தணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஸ்டான்லியும் ஞாயிறு நடைக் கூட்டமும். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவர் மைக்கைப் பிடித்துச் சுருக்கமாகப் பேசினார். "இந்தப் பதிவுல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லித்தான் உங்களை எல்லாம் கூப்பிட்டேன். எனக்குக் காது போயிட்டு. உங்களுக்கு மீன்கொத்தி கேக்கும்போதெல்லாம் கையைத் தூக்குங்க. நான் பாத்துக்கிடுதேன்."

பதிவு ஓடியது. ஓடைச் சத்தம், சாரல், செம்போத்து. பிறகு அந்தக் கீச், ஸ்பீக்கரில், அரங்கு முழுக்க.

ஒரு கை எழவில்லை. ஸ்டான்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியை எல்லார் முன்னாலும் செவிடர் ஆக்குவதற்கு அவர்களுக்கு மனசு வரவில்லை. அவர்கள் அசையாததைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் அசையவில்லை. குருவி மறுபடி கத்தியது. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்போது அவர் முகத்தில் ஒரு நப்பாசை வந்தது. ஒருவேளை பதிவில் நிஜமாகவே ஒன்றும் இல்லையோ, தன் காது சரிதானோ என்று. இன்னும் கொஞ்சம் விட்டால் அவர் அதை நம்பிவிடுவார். அப்புறம் மலை ஒரேயடியாகச் செத்துவிடும்.

அடுத்த கீச்சுக்கு நான் கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், அந்த நப்பாசை அணைந்ததையும் நான் பார்த்தேன்.

அதற்கு அடுத்ததற்கு ஸ்டான்லியின் கை எழுந்தது. தலையைத் தூக்காமல் கையை மட்டும் தூக்கினான். பிறகு அவன் வரிசை, அதற்குப் பின் வரிசை, பத்திரிகைக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். கத்தும்போது எழுந்து, நின்றதும் இறங்கி, மறுபடி எழுந்து. அவர் உதடு அசைய அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு கேக்குது, ஒண்ணு பதில் சொல்லுது" என்றார் மைக்கில். "ஜோடி." அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் அவருடைய பழைய குரல் சாட்சி சொன்னது: மூவிரல் மீன்கொத்தி இல்லை. அதன் மேலேயே எல்லாக் கைகளும் எழுந்தன.

"இருக்கு" என்றார் அவர். பதிவை நிறுத்தினார்.

கைகள் எல்லாம் இறங்கின. யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம்கூட இல்லை. அவர் மேடையை விட்டு இறங்கவும் இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து அந்த அமைதியில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தன் கையைத் தூக்கினார். தூக்கியபடியே அரங்கு முழுக்க, வரிசை வரிசையாக, வேறு யாராவது தூக்குகிறார்களா என்று பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

நான் தூக்கவில்லை. எனக்குக் கேட்கவில்லை.